பேர மாத்திப் போட்டுப் பாருங்க: இயேசுதான் கடவுள்னு "நிரூபிக்கிற" வாதங்கள்

தெற்குவாசல்

கன்வென்ஷன் கூட்டம், யூடியூப், காலேஜ் வாசல்ல குடுக்கிற நோட்டீஸ்னு எங்க போனாலும் அதே ஏழெட்டு வாதம்தான் சுத்திச் சுத்தி வருது. கடிகாரம்னு ஒண்ணு இருந்தா அதைச் செஞ்சவன் இருக்கணும், எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும், நம்பினா நஷ்டமில்ல நம்பலேன்னா நரகம், பொய்க்காக எவனாவது உயிரைக் குடுப்பானா, இந்த வகையறா. ஒண்ணொண்ணா உரிச்சுப் பாக்கலாம்னுதான் இந்த இழை. கேலி பண்ணுவேன், ஆனா வாதத்தைத்தான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய் ஜெபம் பண்ணிட்டு நிம்மதியா வீட்டுக்கு வர்றவங்க கிட்ட எனக்கு ஒரு வழக்கும் இல்ல. "நிரூபிச்சாச்சு"ன்னு மைக்கைப் புடிக்கிறவங்க கிட்டதான் வழக்கு.

என் சோதனை ஒண்ணே ஒண்ணுதான். வாதத்துல இயேசுன்னு வர்ற இடத்துல வேற சாமி பேரைப் போட்டுப் படிங்க. அப்பவும் ஒரு எழுத்து மாறாம அப்படியே ஓடுச்சுன்னா அது இயேசுவைப் பத்தி எதையும் நிரூபிக்கல. அவ்வளவுதான்.

முதல்ல பாஸ்கல். பிரெஞ்சுக்காரர், கணக்குல மேதை, நிகழ்தகவுக் கணக்குக்கே அடிக்கல் வெச்சவங்கள்ல ஒருத்தர். 1662ல செத்துட்டாரு, அவர் எழுதி வெச்ச துண்டுச் சீட்டுங்களத் தொகுத்து 1670ல புத்தகமா போட்டாங்க, அதுலதான் இந்தப் பந்தயம் வருது. கடவுள் இருக்காருன்னு பந்தயம் கட்டி ஜெயிச்சா முடிவில்லாத லாபம், தோத்தா ஒண்ணும் பெருசா போகாது, அதனால கட்டுங்கறாரு. நம்ம ஊர்ல இது "இருந்துட்டா என்ன பண்ணுவ?"ன்னு ஒரு வரியில முடிஞ்சிடும். சரி, இப்ப பேரை மாத்துங்க. அல்லா இருந்துட்டா? அப்ப இயேசுவைக் கடவுள்னு கும்பிட்டதுதானே பெரிய பாவமாப் போயிடும்? இது என் கண்டுபிடிப்பு இல்ல, 18ஆம் நூற்றாண்டுலயே திதெரோங்கற பிரெஞ்சுத் தத்துவக்காரர் ஒரே வரியில சொல்லிட்டாரு, ஒரு இமாமும் இதே மாதிரி வாதம் பண்ணலாமேன்னு. பந்தய மேஜைல ரெண்டே கட்டம்னு நெனச்சுக்கிட்டு ஆடுறவங்களுக்குத்தான் இது ஜெயிக்கிற ஆட்டம். உண்மையில எத்தனை மதமோ அத்தனை கட்டம் இருக்கு, அதுல பல இடத்துல ஒண்ணு ஜெயிச்சா இன்னொண்ணு நரகம்.

---

ராத்திரிஷிப்ட்

"இருந்துட்டா என்ன பண்ணுவ" கேக்காத ஆளே கிடையாது ப்ரோ. எங்க டீம்ல ஒருத்தர் ஒவ்வொரு வெள்ளியும் கேப்பாரு. இனிமே நான் திருப்பி "காளி இருந்துட்டா நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்கப்போறேன்.

---

சீயோன்மகன்

பிரதர் நீங்க புத்தி மேல நம்பிக்கை வெச்சு பேசுறீங்க. ஐன்ஸ்டீன் ஸ்டூடண்ட்டா இருக்கும்போது நாத்திக புரொஃபசர் கடவுள் தீமையைப் படைச்சாரான்னு கேட்டதும், அவர் எழுந்து குளிர்னு ஒண்ணு இல்ல வெப்பம் இல்லாததுதான் குளிர், இருட்டுன்னு ஒண்ணு இல்ல வெளிச்சம் இல்லாததுதான் இருட்டு, அதே மாதிரி கடவுள் இல்லாத இடம்தான் தீமைன்னு சொல்லி புரொஃபசர் வாயை அடைச்சிட்டாரு தெரியுமா. அப்புறம் நாசா கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டப்போ ஒரு நாள் குறைஞ்சுது, யோசுவா சூரியனை நிக்க வெச்ச நாள்தான் அதுன்னு பைபிளை வெச்சுதான் கண்டுபிடிச்சாங்க. டார்வினே கடைசியில மனந்திரும்பிட்டாரு. இதுக்கு என்ன சொல்றீங்க

---

லாஜிக்லதா

மூணும் பொய் பிரதர். கோவத்துல சொல்லல, நெஜமாவே மூணும் நடக்காத கதை.

ஐன்ஸ்டீன் அப்படி எந்தப் புரொஃபசர் கிட்டயும் பேசல. அவர் 1954ல எரிக் குட்கிண்டுங்கறவருக்கு எழுதின கடிதம் இருக்கு, கடவுள்ங்கற சொல்லே மனுஷ பலவீனத்தோட வெளிப்பாடுன்னு அதுல எழுதியிருக்காரு, அந்தக் கடிதம் 2018ல 20 கோடி ரூபாய்க்கு ஏலம் போச்சு. தீமைங்கறது நன்மையோட இல்லாமைதான்னு சொன்னது அகஸ்டின்ங்கற கிறிஸ்தவப் புனிதர், ஐன்ஸ்டீனுக்கு 1,500 வருஷம் முன்னாடி. அகஸ்டின் பேர்லயே ஃபார்வர்டு பண்ணியிருக்கலாமே, அவர் உங்க ஆள்தானே, ஏன் ஐன்ஸ்டீன் பேர் தேவைப்படுது?

நாசா கதைய நாசாவே மறுத்துடுச்சு. நாசா பொறக்கிறதுக்கு முன்னாடி, 1890லயே டோட்டன்னு ஒருத்தர் அமெரிக்காவுல இந்தக் காணாமப்போன நாளைப் பத்தி புத்தகம் போட்டுட்டாரு, பின்னாடி வந்தவங்க கம்ப்யூட்டரை மட்டும் சேத்துக்கிட்டாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, ஒரு நாள் குறையுதுன்னு எந்தக் கம்ப்யூட்டராவது சொல்லணும்னா அந்த நாளுக்கு முன்னாடி சூரியனும் நிலாவும் எங்க இருந்துச்சுன்னு யாராவது அப்பவே எழுதி வெச்சிருக்கணும். அதை எழுதி வெச்சது யாரு? பின்னோக்கிக் கணக்குப் போட்டா கணக்கு போயிக்கிட்டேதான் இருக்கும், நடுவுல ஓட்டை தெரியாது.

டார்வின் செத்தது 1882. அவர் மனந்திரும்பினாருன்னு லேடி ஹோப்ங்கற அம்மா சொன்ன கதை பத்திரிகைல வந்தது 1915. டார்வின் மக ஹென்ரியெட்டா கடைசி நேரத்துல பக்கத்துலயே இருந்தவங்க, அந்தம்மா அப்ப அங்க வரவே இல்லன்னு 1922ல எழுதியே குடுத்துட்டாங்க.

இன்னொண்ணு. டார்வின் மனந்திரும்பினதாவே வெச்சுக்குவோம். அதனால பரிணாமம் பொய்யாயிடுமா? நியூட்டன் ரசவாதத்துல வருஷக்கணக்கா உழைச்சாரு, அதனால ஈயம் தங்கமாயிடுச்சா?

---

தெற்குவாசல்

லதா நச்சுன்னு சொல்லிட்டாங்க. நான் கடிகாரத்துக்கு வரேன்.

வில்லியம் பேலி, இங்கிலாந்து பாதிரியார், 1802ல எழுதினது. பொட்டல்ல நடந்து போறப்ப கால்ல ஒரு கடிகாரம் தட்டுப்பட்டா அது தானா வந்துச்சுன்னு சொல்லுவியா, செஞ்சவன் இருக்கான்னுதானே சொல்லுவ, அப்ப கண்ணு? இதுதான் வாதம். நல்லா எழுதப்பட்ட வாதம், அதை மறுக்கல. டார்வினே கேம்பிரிட்ஜ்ல படிக்கும்போது பேலியைப் படிச்சு ரசிச்சவர்தான். ஆனா இதுக்கான பதில் பேலி எழுதுறதுக்கு முன்னாடியே அச்சுல இருந்துச்சு. ஸ்காட்லாந்துத் தத்துவக்காரர் டேவிட் ஹியூம் 1776ல செத்தாரு, 1779ல அவரோட உரையாடல் புத்தகம் வெளியாச்சு. அதுல கேக்குறாரு: உலகம் செய்யப்பட்ட பொருள்னே வெச்சுக்குவோம், செஞ்சவர் ஒருத்தர்தான்னு எப்படித் தெரியும், கப்பல் கட்ட எத்தனை தச்சன் வேணும்? இது ஒரு சின்னப்புள்ள சாமி பழகிப் பாத்துட்டு வெக்கப்பட்டு விட்டுட்டுப் போன முதல் முயற்சியா ஏன் இருக்கக்கூடாது? செஞ்சவர் இன்னும் உயிரோட இருக்காருன்னு யாரு சொன்னது? படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும், ஆனா ஒவ்வொண்ணும் நெஜமான கேள்வி. கடிகாரத்துல இருந்து கடிகாரம் செஞ்சவர் வரைக்கும் போயிடலாம்னே வெச்சாலும், அங்க இருந்து பெத்லகேமுக்கு ரோடு போடவே இல்ல.

இதோட லேட்டஸ்ட் மாடல் வாழைப்பழம். ரே கம்ஃபர்ட்னு நியூசிலாந்துல பொறந்து அமெரிக்காவுல ஊழியம் பண்றவர், டிவியில ஒரு வாழைப்பழத்தக் கையில புடிச்சிக்கிட்டு இதுதான் நாத்திகனுக்குக் கெட்ட கனவுன்னாரு. கைக்கு அடக்கமா இருக்கு பாருங்க, உரிக்க வசதியா மேல காம்பு இருக்கு, பழுத்திருக்கான்னு கலரே சொல்லுது, வாய்க்குள்ள போற மாதிரி லேசா வளைஞ்சிருக்குன்னு ஒண்ணொண்ணா காட்டுவாரு. பக்கத்துல நடிகர் கிர்க் கேமரன் உக்காந்திருப்பாரு. வாழையைப் பத்தி நம்ம ஆளுங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. அவர் கையில இருந்தது கடைல விக்கிற பெரிய பச்சை வாழை ரகம். காட்டு வாழையை உரிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், உள்ள சதையைவிட கருப்புக் கருப்பா கல்லு மாதிரி விதைதான் ஜாஸ்தி, பல்லு போயிடும். இன்னிக்கு நாம தின்ற விதையில்லாப் பழம் நியூ கினியா, தென்கிழக்கு ஆசியாப் பக்கத்து விவசாயிங்க ஏறக்குறைய 7,000 வருஷமா பொறுக்கிப் பொறுக்கி வளத்தது. விதை இல்லாததால அது தானா பரவவும் முடியாது, மனுஷன் பக்கக்கன்னு எடுத்து நட்டாத்தான் அடுத்த மரம். வாழையடி வாழைன்னு நாம வாழ்த்துறமே அந்த வாழைக்கு மம்பட்டியோட ஒரு ஆளு வேணும். அதனால கம்ஃபர்ட் சொன்னதுல பாதி சரி, அந்தப் பழத்த வடிவமைச்சவங்க இருக்காங்க, அவங்க நியூ கினியா, தென்கிழக்கு ஆசியா விவசாயிங்க.

---

ராத்திரிஷிப்ட்

வாழைப்பழம் நாத்திகனுக்குக் கெட்ட கனவுன்னா பலாப்பழம் யாருக்கு? அரிவாளு, நல்லெண்ணெய், பழைய பேப்பர் எல்லாம் வேணும் உரிக்க. அதுவும் அதே டிசைனர்தானே?

---

வெண்பாப்பிரியன்

தம்பி தெற்குவாசல், உங்க பேர் மாத்துற சோதனைக்கு உவமை தேடி வெளியூர் போக வேண்டாம். நம்ம தமிழ்லயே நடந்திருக்கு.

உலகம் தோன்றி நின்னு ஒடுங்குது, அப்படி மாறுற பொருள் தானா வராது, அதுக்கு ஒரு கர்த்தா வேணும். இது மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டுல எழுதின சிவஞான போதத்தோட முதல் சூத்திரம், "அவன் அவள் அது எனும்"னு தொடங்கும். அந்தக் கர்த்தா யாருன்னா எல்லாத்தையும் தன்கிட்ட ஒடுக்குற சங்கார கர்த்தா, அதாவது சிவன். ஒடுக்குறவன் எவனோ அவன்கிட்ட இருந்துதான் மறுபடி தோன்றணும், அதனால பிரம்மாவும் விஷ்ணுவும் முதல் கிடையாதுன்னு அடுத்த படியும் போட்டு வெச்சிருக்காங்க. அவர் மாணாக்கர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார்ங்கற நூல்ல பரபக்கம்னு ஒரு பாகமே தனியா ஒதுக்கி, கடவுள், மறுபிறவி எதுவும் இல்லங்கற உலகாயதர்ல ஆரம்பிச்சு பௌத்தர் சமணர்னு ஒவ்வொரு தரப்பையும் பேச விட்டு மறுத்திருக்காரு. இன்னிக்குக் கன்வென்ஷன் மேடைல "எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும், அதுதான் இயேசு"ன்னு சொல்ற ஊழியர் பரபக்கத்துல ரெண்டு பாட்டு கேட்டா, தன் வாதம் 700 வருஷத்துக்கு மேல சிவனுக்கு வேலை பாத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சுக்குவாரு.

நான் சைவன். எனக்கு இந்தச் சூத்திரம் பிடிக்கும். ஆனா நியாயம்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே, இதால சிவனும் நிரூபணம் ஆகலைங்கறத நான் ஒத்துக்கத்தான் வேணும்.

---

தெற்குவாசல்

ஐயா, கும்புடுறேன். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கெடைச்சிருக்காது.

அமெரிக்காவுல வில்லியம் லேன் கிரெய்க்குன்னு ஒரு பேராசிரியர், கிறிஸ்தவ விவாத மேடைல இன்னிக்கு அவர்தான் பெரிய தலை. அவரோட முக்கிய ஆயுதம்: தொடங்குற எதுக்கும் காரணம் உண்டு, பிரபஞ்சம் தொடங்குச்சு, அதனால அதுக்குக் காரணம் உண்டு. 1979ல இதைப் பத்தி புத்தகம் போட்டாரு. இந்த வாதத்துக்கு அவரே வெச்ச பேரு கலாம் வாதம், கலாம்ங்கறது இஸ்லாமிய இறையியல். 1111ல செத்த கஸாலி அல்லாவுக்காகக் கட்டின வாதம் அது. இன்னும் பின்னாடி போனா 6ஆம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியாவுல ஃபிலோபோனஸ்னு ஒரு கிறிஸ்தவர் கிரேக்கர்களுக்கு எதிரா உலகத்துக்குத் தொடக்கம் உண்டுன்னு வாதாடியிருக்காரு. ஆக கிறிஸ்தவர் கிட்ட இருந்து முஸ்லிம், முஸ்லிம் கிட்ட இருந்து மறுபடி கிறிஸ்தவர், இந்தப் பக்கம் சைவர் தனியா. பேர் மாத்துற சோதனைய நான் கண்டுபிடிக்கல, வரலாறே ஓட்டிப் பாத்து ரிசல்ட் குடுத்திடுச்சு.

---

சீயோன்மகன்

சரி, காரணம் கடிகாரம் விடுங்க. உயிர்த்தெழுதலுக்கு என்ன சொல்றீங்க? 1 கொரிந்தியர் 15:6, ஐந்நூறு பேருக்கு மேல ஒரே நேரத்துல பாத்தாங்க. சீஷர்கள் அதுக்காக இரத்தசாட்சியா மரிச்சாங்க. பொய்க்காக யார் சாவா? வேற எந்த மதத்துலயும் இந்த மாதிரி ஆதாரம் கிடையாது பிரதர்

---

லாஜிக்லதா

இதுல நான் வரேன். பிரதர், அந்த ஐந்நூறு பேரோட சாட்சி நம்ம கிட்ட இல்ல. ஐந்நூறு பேர் பாத்தாங்கன்னு பவுல் எழுதினதுதான் இருக்கு, ஒரே ஆளோட ஒரே வரி. எந்த ஊரு, எந்த நாளு, ஒரு பேரு, எதுவுமே இல்ல. நாலு சுவிசேஷத்துலயும் அந்த ஐந்நூறு பேர் சம்பவம் வரவே இல்ல. அவ்வளவு பெரிய நிகழ்ச்சியை நாலு பேரும் விட்டுட்டாங்களா?

இப்ப பேரை மாத்துறேன். 1995 செப்டம்பர் 21 ஞாபகம் இருக்கா? பிள்ளையார் பால் குடிச்ச நாளு. டெல்லியில ஆரம்பிச்சு அன்னிக்கே லண்டன் வரைக்கும் போயிடுச்சு, கோயில் கோயிலா வரிசை, டிவி கேமரா முன்னாடி ஸ்பூன்ல இருந்த பால் காணாமப் போச்சு. சாட்சி ஐந்நூறு இல்ல, லட்சக்கணக்குல, எங்கம்மா உள்பட இன்னும் உயிரோட இருக்காங்க. யார் வேணா விசாரிக்கலாம். விஞ்ஞானிங்க கலர் கலந்த பாலைக் குடுத்துப் பாத்தப்ப பால் சிலை மேலயே மெல்லிசா வழிஞ்சு இறங்குறது தெரிஞ்சுது, பரப்பு இழுவிசைதான் காரணம். ஸ்பூனை விளிம்புல வெச்சா பாலை இழுத்துடும். நீங்க பிள்ளையாரை ஏத்துக்கிட்டீங்களா பிரதர்? இல்லல்ல. ஏன்னு உங்களுக்கே தெரியும், நெறைய பேர் பாத்தாங்கங்கறது மட்டும் போதாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.

கிறிஸ்தவத்துக்குள்ளயே பாருங்க. 1917 அக்டோபர் 13, போர்ச்சுகல்ல ஃபாத்திமாங்கற ஊரு, பல்லாயிரம் பேர் கூடியிருந்த இடத்துல சூரியன் ஆடுச்சுன்னு சொன்னாங்க. கத்தோலிக்கங்க அற்புதம்ங்கறாங்க. பெந்தெகொஸ்தே சபைல அதைச் சொல்லிப் பாருங்க, மாதா பேரால வந்ததை ஒத்துக்க மாட்டாங்க.

உயிரைக் குடுத்தாங்கங்கறது? ஜோசப் ஸ்மித், மார்மன் மதத்தை ஆரம்பிச்சவர். தங்கத் தகடுங்கள நேர்ல பாத்தோம்னு பதினோரு பேர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் 1830 புத்தகத்துலயே அச்சாகியிருக்கு, பேரோட. அதுல முக்கியமான மூணு பேர் அப்புறம் அவரோட சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க, ஆனாலும் பாத்தது பொய்னு அவங்க சொல்லல. ஸ்மித்தை 1844 ஜூன் 27ல இல்லினாய் ஜெயிலுக்குள்ள புகுந்து கும்பல் சுட்டுக் கொன்னுச்சு. இன்னிக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல ஆளு இருக்காங்க. ஆதாரத்தோட தரத்தை மட்டும் பாத்தா இது கொரிந்தியர் வரியைவிட பலமானது, கையெழுத்தே இருக்கு. எந்த ஊழியராவது இதனால மார்மன் ஆனாரா? ஒருத்தர் உயிரைக் குடுத்தா அவர் உண்மையா நம்பினாருன்னு தெரியுது. நம்பினது உண்மையான்னு அதுல இருந்து தெரியாது.

---

புதுமுகம்23

இதெல்லாம் எதுக்கு இவ்ளோ நீளமா. இயேசு கதையே எகிப்து சாமி ஹோரஸ் கதையோட காப்பி. டிசம்பர் 25ல கன்னிக்குப் பொறந்தாரு, பன்னெண்டு சீடர், சிலுவைல அறைஞ்சாங்க, மூணாவது நாள் உயிர்த்தெழுந்தாரு. பைபிள்ல எந்தப் புத்தகம் இருக்கணும்னு ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் நிசேயா சபைக் கூட்டத்துல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாரு. மேட்டர் ஓவர்.

---

தெற்குவாசல்

தம்பி, இதையும் விட முடியாது. ஹோரஸுக்கு டிசம்பர் 25 பிறந்தநாள்னோ, பன்னெண்டு சீடர்னோ, சிலுவைல அறைஞ்சாங்கன்னோ எந்த எகிப்திய நூல்லயும் இல்ல. இயேசுவுக்கே டிசம்பர் 25ன்னு பைபிள்ல இல்லியே, பின்னாடி சபை வெச்ச தேதி அது, இல்லாத தேதிய எங்க இருந்து காப்பி அடிக்கிறது? 325ல நிசேயாவுல பேசினது குமாரன் பிதாவுக்குச் சமமாங்கறதப் பத்தி, ஏரியஸ்ங்கற பாதிரியார் கிளப்பின விவகாரம். பைபிள் புத்தகப் பட்டியல அங்க முடிவு பண்ணல. நாசா ஃபார்வர்டைக் கிழிச்சிட்டு ஹோரஸ் ஃபார்வர்டை விட்டா நாம எந்த முகத்தோட பேசுறது? உங்க பதிவை எடுத்துடுங்கன்னு சொல்லல, இருக்கட்டும், பதிலும் கீழ இருக்கு.

---

கரையோரம்

நீங்க எல்லாரும் பேசாம விட்ட ஒண்ணைப் பத்தி எழுதணும். நான் நாகை மாவட்டம்.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள். வேளாங்கண்ணியில வெளியூர்ல இருந்து வந்த சனம் நிறைஞ்சிருந்துச்சு. தண்ணி பேராலயத்துக்குள்ள போகல, உள்ள பூசையில இருந்தவங்க பொழச்சாங்க. கடற்கரையில, கடைத்தெருவுல, கடல்ல குளிச்சிக்கிட்டு இருந்தவங்க நூத்துக்கணக்குல போயிட்டாங்க. அவங்களும் மாதாவைப் பாக்கத்தான் வந்தாங்க. மொட்டை போட்டுட்டு குளிக்கப் போனவங்க. அடுத்த வாரமே "மாதா கோயிலைக் காப்பாத்திட்டா"ன்னு பேச்சு. கோயில் இருக்கிற இடம் மேடு. இந்தப் பக்கம் திருச்செந்தூர்ல முருகன் கடலைத் தள்ளி நிப்பாட்டிட்டான்னு சொன்னாங்க. தென்கோடிக் கரைல சில பகுதிக்கு இலங்கை மறைப்பா இருந்துச்சு. பேரை மாத்திப் போட்டாலும் அதே பேச்சுதான்.

எங்க மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்தாங்க. காப்பாத்தினதுக்கு மாதா காரணம்னா போனதுக்கு யார் காரணம்? இதைக் கேட்டா "அது தேவசித்தம், நமக்குப் புரியாது"ங்கறாங்க. நல்லது நடந்தா புரியுது, கெட்டது நடந்தா மட்டும் புரியாதா? புரியலேன்னா ரெண்டுமே புரியலேன்னு சொல்லணும். மத்த வாதத்துக்கெல்லாம் சிரிக்க முடியுது. இதுக்கு எனக்குச் சிரிப்பு வரல. பிள்ளையைப் பறிகுடுத்தவ காதுல விழுற மாதிரி அற்புதம்னு பேசாதீங்க, அவ்வளவுதான் கேக்குறேன்.

---

லாஜிக்லதா

அக்கா, நீங்க சொன்னது முழுக்கச் சரி. லிஸ்பன் ஞாபகம் வந்துச்சு. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள், காலைல பூசை நேரம், சர்ச் எல்லாம் நிறைஞ்சு இருந்தப்ப பூகம்பம். கூரை விழுந்து, மெழுகுவத்தி சாஞ்சு தீப்புடிச்சு, ஆத்துப் பக்கமா ஓடினவங்கள சுனாமி வாரிக்கிட்டுப் போச்சு. மலாக்ரிடாங்கற சேசு சபை பாதிரியார் இது ஊர் பண்ணின பாவத்துக்குத் தண்டனை, இயற்கைக் காரணம்னு சொல்லாதீங்கன்னு துண்டுப் பிரசுரம் போட்டாரு. இருக்கிறதுலயே இதுதான் நல்ல உலகம்னு தத்துவம் பேசினவங்க மேல பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேருக்கு வந்த கோவம் உங்க கோவம்தான். ஞாயித்துக்கிழமை கோயில் நின்னா அற்புதம், திருநாளன்னிக்குக் கோயில் விழுந்தா தண்டனை. எது நடந்தாலும் பொருந்துற விளக்கம் எதையும் விளக்கல.

---

பனங்காட்டான்

அண்ணாச்சி, முதல்ல இருந்து வாசிச்சிட்டு வாறேன். நான் திருநெல்வேலி, சி.எஸ்.ஐ., சபையில வாலிபர் கூட்டம் நடத்துதேன். கரையோரம் அக்கா எழுதினதுக்கு என்கிட்ட பதில் கிடையாது, பதில் மாதிரி எதையும் சொல்லவும் மாட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க கிழிச்ச வாதத்துல பாதிய முதல்ல கிழிச்சது கிறிஸ்தவங்கதான். அன்செல்ம்ங்கற துறவி 1078 வாக்குல ஒரு வாதம் வெச்சாரு, இதைவிடப் பெருசா ஒண்ணை நினைக்கவே முடியாதுங்கறதுதான் கடவுள், அது மனசுல மட்டும் இருந்தா நெசத்துல இருக்கிறது அதைவிடப் பெருசாயிரும், அதனால நெசத்துலயும் இருந்தாகணும்னு. உடனே கௌனிலோன்னு இன்னொரு துறவி, அப்படின்னா இதைவிட அருமையான தீவை நினைக்க முடியாதுன்னு ஒரு தீவை நான் நினைக்கேன், அதுவும் நெசத்துல இருந்தாகணுமேன்னு கேட்டாரு. உங்க பேர் மாத்துற சோதனைதான் அது, 900 வருஷம் முன்னாடி, மடத்துக்குள்ளயே. தாமஸ் அக்குவினாசும் அன்செல்ம் வாதத்தை ஏத்துக்கல, அவர் புனிதர். கார்ல் பார்த்ங்கற சுவிஸ் இறையியலாளர் 1934ல இயற்கையை வெச்சுக் கடவுளைக் கண்டுபிடிக்கலாம்ங்கறதுக்கு "இல்ல!"ன்னு தலைப்புப் போட்டே மறுப்பு எழுதினாரு.

பாஸ்கலும் அப்படித்தான். அவர் செத்த பொறவு கோட்டு உள்பக்கத் துணிக்குள்ள தச்சு வெச்சிருந்த ஒரு தாள் கிடைச்சுது. 1654 நவம்பர் 23, ராத்திரி பத்தரையில இருந்து பன்னெண்டரை வரைக்கும்னு நேரம் போட்டு எழுதியிருக்கு, "நெருப்பு"ன்னு ஒரு வார்த்தை, அதுக்குக் கீழ ஆபிரகாமின் தேவன் ஈசாக்கின் தேவன் யாக்கோபின் தேவன், தத்துவக்காரங்க தேவன் இல்லன்னு. எட்டு வருஷம் அதை உடம்போட வெச்சிருந்திருக்காரு. அந்த மனுசன் பந்தயம் கட்டி விசுவாசத்துக்கு வரல. எனக்கும் விசுவாசம் எங்க ஆச்சி முழங்கால் போட்டு செபிச்சதைப் பார்த்து வந்தது, வாழைப்பழத்தைப் பார்த்து வரல.

---

தெற்குவாசல்

அண்ணாச்சி, நீங்க சொன்ன பாஸ்கலோட எனக்குச் சண்டையே இல்ல. உங்க ஆச்சியோடயும் இல்ல. எனக்கு இப்படித்தான் தோணுச்சு, நான் இப்படித்தான் நம்புறேன்னு ஒருத்தர் சொன்னா நான் என்ன மறுக்கிறது? என் கோவம் எங்கன்னா, அந்த நெருப்புத் தாளை மறைச்சு வெச்சிட்டு பந்தயச் சீட்டை மட்டும் பதினெட்டு வயசுப் பையன் கையில திணிச்சு, இதை மறுக்க முடியாது பாருன்னு அனுப்புறாங்களே அதுலதான். அவன் காலேஜ் போய் முதல் வருஷமே லதா மாதிரி ஒரு பொண்ணு கிட்ட மாட்டுறான். நாசா பொய், ஐன்ஸ்டீன் பொய், டார்வின் பொய்னு தெரிஞ்சதும் சொல்லிக் குடுத்தவங்க மேல இருந்த மொத்த நம்பிக்கையும் போயிடுது.

நாவலர் கதையும் இங்க சேரும். சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்துல பேர்சிவல் பாதிரியாரோட சேந்து பைபிளைத் தமிழ்ல மொழிபெயர்க்க உழைச்சவர், அதை வரி வரியா அறிஞ்சவர். கோயில்ல விளக்கு, தூபம், நைவேத்தியம், தீட்டுன்னு பாக்குறதெல்லாம் அஞ்ஞானம்னு மிஷனரிங்க கேலி பண்ணாங்க. 1854ல சைவ தூஷண பரிகாரத்துல அவர் என்ன பண்ணாருன்னா, எருசலேம் ஆலயத்துல கர்த்தர் சொன்னதா உங்க வேதத்துல இருக்கிற விளக்கு, தூபம், படையல், தீட்டு இதெல்லாம் என்னன்னு கேட்டாரு. கேலியில பேரை மாத்திப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டாரு. இவ்வளவு படிச்சு மறுக்கிற ஆளு எந்தப் பக்கம் இருந்தாலும் எனக்கு மரியாதை உண்டு.

---

சீயோன்மகன்

நாசா மேட்டர் நான் செக் பண்ணிட்டேன், குரூப்ல இருந்து டெலீட் பண்ணிட்டேன். ஆனா கடவுள் இல்லேன்னா நல்லது கெட்டது எப்படி வரும்? எதை வேணா செய்யலாம்னு ஆயிடாதா? இதுக்கு பேர் மாத்த முடியாது பிரதர்

---

வெண்பாப்பிரியன்

முடியும் தம்பி. இதுல பேரை மாத்த வேண்டியதுகூட இல்ல, அந்த இடத்தைக் காலியா விட்டாலே ஓடும். சமணருக்குப் படைப்புக் கடவுளே கிடையாது. உலகத்தை எவரும் படைக்கலைன்னு வாதாடினவங்க. அவங்கதான் பொழுது சாஞ்சா சாப்பிடாம, எறும்பு சாகக்கூடாதுன்னு பாத்துப் பாத்து நடந்தவங்க, நாலடியார் பாடினவங்க. எதை வேணா செய்யலாம்னு அவங்களுக்குத் தோணல.

---

லாஜிக்லதா

ஐயா சொன்னதோட மறுபக்கமும் சேத்துக்கிறேன். கடவுள் இருக்காருங்கறவங்களுக்கு எல்லாம் தானா வெளங்கிடுதான்னா அதுவும் இல்ல. அமெரிக்காவுல தெற்கத்தி பாப்டிஸ்ட் சபை 1845ல தனியாப் பிரிஞ்சதே அடிமை வெச்சிருக்கிறவங்க மிஷனரி ஆகலாமாங்கற சண்டைல, ஆகலாம்னு சொன்ன பக்கம் இவங்க. 1995லதான் மன்னிப்புக் கேட்டாங்க. ரெண்டு பக்கமும் ஒரே பைபிளைத்தான் வாசிச்சாங்க. அடிமை முறை தப்புன்னு எதை வெச்சு முடிவு பண்ணாங்களோ அது புத்தகத்துக்கு வெளியயும் இருந்திருக்கணும். பிளேட்டோ கேட்ட பழைய கேள்விதான், தெய்வம் விரும்புறதால அது நல்லதா, இல்ல அது நல்லதா இருக்கிறதால தெய்வம் விரும்புதா?

---

பனங்காட்டான்

லதா தங்கச்சி, அந்தக் கேள்வியை வார வாலிபர் கூட்டத்துல அப்படியே போடப்போறேன். பதிலை நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகளை விட்டே பேச வைக்கணும். சீயோன்மகன் பிரதர், நீங்க பக்கத்து ஊருன்னா நீங்களும் வாங்க. வெண்பாப்பிரியன் ஐயா, பரபக்கத்துல உலகாயதர் மறுப்பு வாற பகுதிக்கு எளிமையான உரை எது நல்லாருக்கும்னு சொல்லுங்க, அதுவும் வேணும்.

---

வெண்பாப்பிரியன்

எந்த உரையானாலும் தனியா வாசிச்சா ஓட மாட்டேங்கும் தம்பி. பக்கத்து சைவ மடத்துல சித்தியார் வகுப்பு நடக்குதான்னு விசாரிங்க, வேதக்காரர்னு சொல்லியே போங்க, உக்கார வெச்சு சொல்லிக் குடுப்பாங்க. உலகாயதன் பேசுற பாட்டை முதல்ல கேளுங்க, மறுப்பு அப்புறம். அவன் பக்கத்தையும் அருணந்தியார் ஒழுங்காத்தான் எழுதியிருக்காரு.